ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் ஒரே நாளில் விடலாமா?

“பாளையங்கோட்டையில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஆல்பம் போடுகிறோம். மொத்தப் பாட்டையும் ஒரே நாளில் விடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ 1982 நவம்பர் கடைசியில் வந்தது. இருந்த 9 பாட்டில் 7 தனித்தனி சிங்கிளாகவும் வந்தன. முதலாவது, ஆல்பத்துக்கு முந்தின மாதமே வந்துவிட்டது. தலைப்புப் பாட்டின் வீடியோ 1983 டிசம்பரில். ஒரு வருஷம் ஊர்ப் பேச்சு ஓயவே இல்லை.

நம்மிடம் அவ்வளவு பணம் கிடையாது, சரி. ஆனால் முறை அதேதான். ஸ்பாட்டிஃபை ஆட்களே தொகுக்கும் பிளேலிஸ்ட்டுக்கு, வெளிவராத பாட்டை ஒரு நேரத்தில் ஒன்றுதான் அனுப்ப முடியும். வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்னால். மொத்தமாக விட்டால் மற்றப் பாட்டுகளுக்கு அந்த வாய்ப்பு போச்சு.

அப்புறம், நையாண்டி மேளம் வைப்பதாகச் சொன்னீர்கள். ரொம்ப சந்தோஷம். தவிலைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். தொப்பியில், அதாவது தவிலின் குச்சியால் அடிக்கும் பக்கத்தில், விழும் அடி பாடுபவரின் மைக்கில் ஏறிவிட்டால், மிக்ஸிங்கில் அதைப் பிரிக்கப் படாத பாடு படுவீர்கள்.

முதல் பாட்டை நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின வாரம் விடுங்கள். திருநெல்வேலி டவுன் ரத வீதிகள் நிறைந்திருக்கும். மினி பஸ் டிரைவர் அண்ணன்களுக்கு ஒரு பென் டிரைவ் கொடுக்கவும் மறக்காதீர்கள்.