ஸ்வீடனின் பழைய வீடுகளைக் காட்டும் ஓவியங்களில் உங்கள் மனதுக்கு நெருக்கமானது எது?

கார்ல் லார்சன் நீர்வண்ணத்தில் வரைந்த ‘ஜன்னலோரப் பூக்கள்’. ஜன்னல் நெடுகப் பூந்தொட்டிகள். அவருடைய மகள் சுசான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். முன்னால் மேசைமேல் யாரோ பாதியில் விட்டுப்போன பின்னல் வேலை, ஊசியோடு அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் என் கண் அந்தப் பின்னலில்தான் போய் நிற்கும். அது காரினுடையது என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

காரின், கார்லின் மனைவி. அவரும் முறையாக ஓவியம் படித்தவர். பிரான்சில், ஸ்காண்டிநேவிய ஓவியர்கள் கூடிய க்ரே என்ற ஊரில் பழகிய இருவரும் 1883இல் மணந்தார்கள். எட்டுக் குழந்தைகள். காரின் தூரிகையை விட்டார்; தறியில் உட்கார்ந்தார். 1888இல் அவருடைய அப்பா கொடுத்த மரவீடு, ஃபாலுன் பக்கம் சுண்ட்போர்ன் கிராமத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து வசதியான வீடுகளில் கனத்த திரைகளும் இருண்ட மேசை நாற்காலிகளும்தான். இங்கே வெளிச்சத்தை மறைக்காத ஜன்னல், கோடுபோட்ட உறைகள், பச்சையும் சிவப்புமாய்ச் சாப்பாட்டு அறை. துணிகளில் பெரும்பாலும் காரினின் கைவேலை. மழை விடாத ஒரு கோடையில், வெளியே போக முடியாமல் தவித்த கணவரிடம் வீட்டையே வரையச் சொன்னவரும் அவர்தான் என்பார்கள். அப்படி வந்த 24 படங்கள் 1899இல் ‘ஒரு வீடு’ என்ற புத்தகமாயின. அட்டையில் இருப்பது கார்லின் பெயர். படங்களுக்குள் இருக்கும் வீடு காரின் செய்தது. இதை உரக்கச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கார்லைக் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்டாக்ஹோமின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர். அம்மா துணி வெளுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார், அப்பா குடிகாரர். அது தெரிந்த பிறகு, தண்டனையாக மூலையில் உட்காரவைத்த மகன் பொன்டுஸை அவர் வரைந்த படத்தைப் பாருங்கள். பையன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்த அறையில் அவனைப் பயமுறுத்த எதுவுமே இல்லை.

மூலப் படங்கள் ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. வீடும் இன்று பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது.

இன்னும் பழசு வேண்டுமென்றால் பெர் ஹில்லெஸ்ட்ரோமைத் (1732–1816) தேடுங்கள். கொப்பரையிலிருந்து சூப் மொள்ளும் வேலைக்காரப் பெண் வரைக்கும் வரைந்தவர். அவரும் முதலில் திரைச்சீலை நெய்தவர்தான்.