டோக்கியோவில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன சுஷிக் கடைக்குள் போகத் தயக்கமாக இருக்கிறது. என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது?

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் எட்டு பேர் உட்காரும் கடை, வாசலில் துணித் திரை, உள்ளே என்ன விலை என்றே தெரியவில்லை, நாலு மாதமாகத் தாண்டித் தாண்டிப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு வந்த மற்ற பதில்கள் எல்லாம் "சுழலும் சுஷிக்கே (ஓடும் பட்டையில் தட்டுகள் சுற்றி வரும் கடை) போங்கள், அங்கே யாரும் பேச மாட்டார்கள்" என்கின்றன. அது தப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்டது அதை இல்லையே.

இரவில் போகாதீர்கள். வேலை நாளில் மதியம் போங்கள். இரவில் அதே கடை தலைக்கு ஐயாயிரம் யென்னைச் சாதாரணமாகத் தாண்டும். மதிய செட் பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும், அந்த விலையை வாசலில் ஒரு பலகையில் எழுதியும் வைத்திருப்பார்கள். நொரென் என்கிற அந்தத் திரை வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே எடுத்து வைத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. நுழைந்ததும் "இராஷ்ஷைமாசே" என்று சத்தம் போடுவார்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேர் என்று விரலைக் காட்டினால் போதும்.

மதிய செட்டுக்கு ஒகிமாரி என்று பெயர். நமி, ஜோ, தொக்குஜோ என்று மூன்று தரம்: சாதா, மேல்தரம், விசேஷம். சில கடைகளில் இதற்கே ஊமே, தாக்கே, மாட்ஸு என்று மரப்பெயர் இருக்கும், பெரும்பாலும் ஊமேதான் மலிவு. முதல் தடவைக்கு நமி போதும். சூரை மீனின் சிவப்புச் சதை, கணவாய், வேகவைத்த இறால், முட்டை, ஒரு சின்ன ரோல் என்று வரும். ஏறத்தாழ பத்துத் துண்டு. இந்தப் பத்துக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரிசித் தட்டுப்பாட்டில், 1947-இல் உணவுக்கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. டோக்கியோ சுஷிக்காரர்கள் "நாங்கள் சோறு விற்கவில்லை, வாடிக்கையாளர் கொண்டுவரும் அரிசியைச் சுஷியாக மாற்றித் தருகிறோம், அதற்குக் கூலி" என்று வாதாடி அனுமதி வாங்கினார்கள். ஒரு கோ (ஜப்பானிய அளவு, சுமார் 150 கிராம்) அரிசிக்குப் பத்துத் துண்டு என்பது அந்தக் கணக்கு. ஒரு ஆள் அளவு என்பது இன்றைக்கும் அதை ஒட்டியே நிற்கிறது.

இனி, கடை நல்ல கடையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாரும் மீனைப் பார்க்கிறார்கள். நான் சோற்றைப் பார்க்கச் சொல்வேன். சுஷி என்றால் பச்சை மீன் இல்லை, புளிப்புச் சோறு. மீனே இல்லாமல் சுஷி உண்டு, சோறில்லாமல் கிடையாது.

இரண்டு கோ அரிசிக்கு, அதாவது சுமார் 300 கிராமுக்கு, 50 மில்லி அரிசி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு என்பது வீட்டுக் கணக்கு. கடைக்குக் கடை மாறும். டோக்கியோவின் பழைய பாணிக் கடைகளில் சர்க்கரை குறைவு. வினிகர் சேர்வதால் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். சோறு வெந்த சூட்டிலேயே அகன்ற மரத் தொட்டியில் கொட்டி, வினிகர் கலவையை ஊற்றி, கரண்டியைச் சாய்த்துப் பிடித்து வெட்டுவதுபோலக் கிளற வேண்டும். நாம் தயிர்சாதம் பிசைகிற கையால் பிசைந்தால் களியாகிவிடும். ஆறிய சோற்றில் ஊற்றினால் வினிகர் உள்ளே இறங்காமல் அடியில் தங்கும். கலந்த பிறகுதான் விசிறி. முதலிலேயே விசிறினாலும் அதே கதி. கலந்த பிறகு விசிறினால் அதிக ஈரம் ஆவியாகிப் போய் ஒவ்வொரு பருக்கையும் பளபளக்கும். பிறகு ஈரத்துணி போட்டு மூடி, ஏறக்குறைய உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்பார்கள்.

ஆக, வாயில் போட்டதும் கவனியுங்கள். சோறு சில்லென்று இருந்தால் கடை சரியில்லை. கையில் எடுக்கும்போது உதிராமலும் நாக்கில் பட்டதும் பிரிந்தும் போனால் நல்ல கை. மென்று மென்று உருண்டையாகவே நின்றால், அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், அல்லது அச்சில் போட்டது. சூப்பர் மார்க்கெட் டப்பா சுஷி கட்டையாக இருப்பதற்கும் காரணம் மீன் இல்லை. குளிரில் வைத்த சோறு விறைக்கும் என்பது ஃப்ரிட்ஜில் சாதம் வைத்த எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சோயா சாஸ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் கமென்டில் சண்டை வரும், தெரியும். "டோக்கியோக்காரர்களே முக்கி முக்கித்தான் சாப்பிடுகிறார்கள்" என்பீர்கள். சாப்பிடுகிறார்கள். நான் யாருக்கும் காவல் இல்லை. காரணத்தை மட்டும் சொல்கிறேன்: சோற்றுப் பக்கத்தைச் சோயாவில் வைத்தால் பஞ்சுபோல உறிஞ்சும், தட்டிலேயே உடையும், அப்புறம் உப்பைத் தவிர வேறு ருசியே தெரியாது. நிகிரியை, அதாவது பிடித்த சோற்றின்மேல் மீன் வைத்ததை, பக்கவாட்டில் சாயுங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு பக்கம், ஆள்காட்டி விரல் முதுகில். மீன் நுனி மட்டும் சோயாவைத் தொடட்டும், அப்படியே மீன் நாக்கில் படும்படி ஒரே வாயில். கையால் எடுப்பது முழுக்கச் சரி. அதற்காகத்தான் ஈரத்துண்டு தருகிறார்கள். கையால் சாப்பிடுகிற ஊரிலிருந்து போய், அங்கே குச்சியோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

கடற்பாசித் தாள் சுற்றி மேலே மீன் சினை வைத்தது வந்தால் சாய்க்க முடியாது. ஒரு இஞ்சித் துண்டைச் சோயாவில் தொட்டு, பிரஷ்போலத் தடவுங்கள். அதை வந்தவுடன் சாப்பிட வேண்டும். இரண்டு நிமிடம் போட்டோ எடுத்தால் தாள் ஈரம் இழுத்து ரப்பராகிவிடும். அனாகோ என்கிற கடல் விலாங்கின் மேல் கருப்பாக, இனிப்பாக ஒரு குழம்பு பூசி வரும். அதற்குச் சோயா வேண்டாம். மீன்மேல் ஏற்கெனவே பளபளவென்று ஏதாவது பூசியிருந்தாலும் அதே விதிதான்.

வசாபி என்கிற காரமான பச்சை விழுது பெரும்பாலும் மீனுக்கும் சோற்றுக்கும் நடுவிலேயே இருக்கும். வேண்டாம் என்றால் "சாபி நுக்கி" என்று முதலிலேயே சொல்லுங்கள். மலிவான கடைகளில் வருவது நிஜ வசாபி இல்லை, குதிரைமுள்ளங்கியும் பச்சை நிறமும்தான். நிஜமானதைத் துருவிய கால் மணி நேரத்தில் அதன் வாசம் போய்விடும். அதனால்தான் நல்ல கடைகளில் கண்முன்னே துருவுகிறார்கள்.

செட் முடிந்து இன்னும் பசித்தால் தனித்தனியாகக் கேட்கலாம். வெளிறிய மீன் முதலில், கொழுப்பு மீன் பிறகு, ரோல் கடைசியில். சட்டம் இல்லை, கொழுப்பு நாக்கில் படிந்த பிறகு வெள்ளை மீன் தண்ணீர் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எதிரே கண்ணாடிப் பெட்டியில் வெள்ளித் தோலோடு கொஹாதா என்று ஒரு சின்ன மீன் இருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள். அதை உப்பிலும் வினிகரிலும் பதப்படுத்தும் நேரத்தில்தான் அந்தக் கடைக்காரரின் வேலை தெரியும். பலகையில் விலைக்குப் பதில் "ஜிக்கா" என்றிருந்தால் அன்றைய சந்தை விலை, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். "இக்குரா" என்றால் "எவ்வளவு" என்றும் அர்த்தம், சால்மன் சினை என்றும் அர்த்தம். "இக்குரா தெசு கா" என்று முழுதாகக் கேட்டால் தட்டு வராது, விலை வரும்.

பயம் இருந்தால் நியாயம்தான், ஆனால் சரியான பயமாக இருக்கட்டும். பிரச்சினை அனிசாக்கிஸ் என்கிற புழு. கானாங்கெளுத்தி இனம், கணவாய், கடலில் பிடித்த சால்மன் இவற்றில் வரும். வினிகரும் வசாபியும் அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைய வைத்தால் சாகும் என்பதுதான் ஜப்பான் அரசு சொல்லும் அளவு. சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல் வயிறு பிழிவதுபோல வலித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள், மருத்துவமனை போங்கள், எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிடுவார்கள். கர்ப்பிணிகள் பச்சை மீன் எதையும் தவிர்ப்பது நல்லது.

சைவம் என்றால் வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாக்கி. பொரித்த டோஃபுப் பைக்குள் சோறு அடைத்த இனாரியைப் பற்றி, "இனாரி சைவம்தானே" என்று நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. அந்த டோஃபுப் பையை வேகவைக்கும் சாற்றில் பெரும்பாலும் கருவாட்டுச் சீவல் போட்ட தாஷி இருக்கும். சுரைக்காய் ரோல், முட்டை, மிசோ சூப் எல்லாவற்றுக்கும் அதே கதை. மீன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை வைத்துச் சைவம் என்று பட்டியல் போடுகிறவர்கள்மீது எனக்குக் கோபமே உண்டு.

கோபம் என்றதும் இன்னொன்று. சுழலும் சுஷி 1958-இல் ஒசாகா பக்கம் ஷிராயிஷி யோஷியாக்கி என்பவர் தொடங்கியது. பீர் தொழிற்சாலையின் ஓடும் பட்டையைப் பார்த்து வந்த யோசனை. எளிய ஆள் விலை தெரிந்து சாப்பிட ஒரு வழி. 2023 தொடக்கத்தில் ஒரு பையன் சோயாக் குப்பியை நக்கும் வீடியோ பரவியது, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர். பல கிளைகளில் தட்டு சுற்றுவதே நின்றுபோய், திரையில் அழுத்தினால் நேராக உங்கள் மேசைக்கு வருகிறது. நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. வசாபியை உருண்டையாக விழுங்கிக் கண்ணீர் விட்டு, "வேஸ்ட் மச்சி" என்று ரிவ்யூ. சமைத்தவர் இரண்டடி தூரத்தில் நிற்கிறார், ஐயா! போகட்டும். சுழலும் சுஷிக் கடைகளில் மேசையில் இருக்கும் குழாய் மட்டும் கை கழுவ இல்லை, டீக்கான கொதிநீர். கை வெந்துவிடும்.

பில் கேட்க "ஒகைகேய்". "ஒஐசோ" என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசும் சொல். டீயை அகாரி என்பதும், சோயாவை முராசாக்கி என்பதும் அப்படித்தான். டிப்ஸ் கிடையாது. சின்னக் கடையில் கார்டு எடுக்காமல் போகலாம், பணம் வைத்திருங்கள். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், போனையும் வாட்ச் கையையும் மரக் கவுன்ட்டரில் உரச வைக்காதீர்கள்.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். டொயோசு மீன் சந்தைக்கு ஞாயிறும் பல புதன்கிழமைகளும் விடுமுறை என்பதால், அந்த நாட்களில் பல கடைகள் நொரெனைத் தொங்கவிடுவதே இல்லை. செவ்வாயோ வியாழனோ, பதினொன்றரைக்கு.