ஓணம் நிற்கிற இடத்தில் ‘இங்’ நிற்கும்

கேரளத்தில் பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஞாயிறு இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. 30 வருஷமாகத் தமிழ் மீடியப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், ‘வான்ட் டு மீட்’ சரி என்றால் ‘லுக் ஃபார்வேர்ட் டு மீட்’ ஏன் தப்பு? (அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர், வேலந்தாவளம்)

இங்கிலீஷில் ‘டு’ இரண்டு உண்டு. ஒன்று வினையோடு வருவது. மற்றது நம்முடைய ‘கு’ உருபு மாதிரி, பெயர்ச்சொல்லைத்தான் கேட்கும். எது எது என்று தெரிய, பின்னால் ‘ஓணம்’ போட்டுப் பாருங்கள். ‘லுக் ஃபார்வேர்ட் டு ஓணம்’ நிற்கிறது. ‘வான்ட் டு ஓணம்’ நிற்கவில்லை. ஓணம் நிற்கிற இடத்துக்கு வினைச்சொல் வரவேண்டுமானால் ‘இங்’ போட்டுக்கொண்டுதான் வரும்: ‘லுக் ஃபார்வேர்ட் டு மீட்டிங் யூ’.

இது நமக்குப் புதிதே இல்லை. ‘படிக்கிறேனில் ஆர்வம்’ என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லாது. ‘படிப்பது’ என்று பெயராக்கி, ‘இல்’ சேர்த்து, ‘படிப்பதில் ஆர்வம்’ என்கிறோம். ‘இன்ட்ரஸ்டட் இன் ரீடிங்’ செய்வதும் அதைத்தான். உருபு நமக்குப் பின்னால் ஒட்டுகிறது, அவர்களுக்கு முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்து வீட்டு மலையாளத்திலும் ‘வாயிக்குன்னதில்’ என்றுதானே கேட்கிறோம்? இப்படி ‘இங்’ போட்டுப் பெயரான வினைக்கு இங்கிலீஷில் ஜெரண்ட் என்று பெயர். ஜெரண்ட் என்றதும் பயப்படுகிற பிள்ளைகளிடம் தொழிற்பெயர் என்று யாராவது சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும். அது எனக்குத் தீராத ஆதங்கம்.

பரீட்சையில் மாட்டிவிடுகிற ஜோடி ஒன்று உண்டு. ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் பொள்ளாச்சி’ என்றால் முன்பு அங்கே குடியிருந்தேன். ‘ஐ ஆம் யூஸ்டு டு லிவிங் இன் பொள்ளாச்சி’ என்றால் அங்கே இருந்து பழகிவிட்டது.

‘ஸ்டாப்டு டிரிங்கிங்’, ‘ஸ்டாப்டு டு டிரிங்க்’ இரண்டும் ஒன்றா? (பத்தாம் வகுப்பு மாணவன்)

இல்லை கண்ணு. பஸ் டிரைவர் டீ குடிக்க வண்டியை நிறுத்தினால் ‘ஸ்டாப்டு டு டிரிங்க் டீ’. டாக்டர் சொல்லி டீ குடிப்பதையே நிறுத்தினால் ‘ஸ்டாப்டு டிரிங்கிங் டீ’. ‘குடிக்க’, ‘குடிப்பதை’ இரண்டும் உன் காதுக்கு வேறு வேறாகக் கேட்கிறதல்லவா, அதேதான்.

ஃப்ரேசல் வெர்ப் பட்டியல் மனசில் நிற்கமாட்டேன் என்கிறது. (காய்கறி மண்டிக் கணக்குப்பிள்ளை)

வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’ மாதிரி ஒரு சொல் சேர்ந்து வேறு பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். பட்டியலைத் தூக்கி வையுங்கள். ‘கைவிடு’ என்றால் யாரும் கையைப் பார்ப்பதில்லை. ‘விட்டுக்கொடு’வையும் பிரித்துப் பொருள் தேடுவதில்லை. ‘கிவ் அப்’, ‘புட் அப் வித்’ எல்லாம் அப்படி முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டியவை. உங்கள் மண்டியில் நடப்பதோடு கட்டிவையுங்கள். தக்காளி லோடு வராமல் ஏலம் தள்ளிப்போனால் ‘புட் ஆஃப்’, பாக்கி வைத்தவரின் பேச்சைப் பொறுத்துக்கொண்டால் ‘புட் அப் வித்’.

அப்புறம், சொல் வரிசை. போன வாரம் ஒரு பெண் ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ என்று எழுதி, அழித்து, தாள் கிழிகிற அளவுக்கு மறுபடி அதையே எழுதியிருந்தாள். எழுந்துபோய் ஃபேனை அணைத்துக்கொண்டே சொல்லச் சொன்னேன். ‘ஸ்விட்ச்’ சொல்லும்போது விரல் சுவிட்சில், ‘இட்’ சொல்லும்போது கண் ஃபேனில், ‘ஆஃப்’ சொல்லும்போது டக்கென்று சத்தம். மூன்றாம் தடவை தானாக வந்துவிட்டது. ‘தி ஃபேன்’ என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். ‘இட்’ மட்டும் நடுவில்தான். ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ பிரியாது: ‘லுக் ஆஃப்டர் ஹெர்’.

‘டிஸ்கஸ் அபௌட்’ எழுதலாமா?

வேண்டாம். ‘டிஸ்கஸ்’ மட்டும் போதும். ‘கோப் அப் வித்’ என்பதிலும் ‘அப்’பை எடுத்துவிடுங்கள்.

என் பையன் ‘ஐ ஆம் போரிங்’ என்கிறான் டீச்சர். (ஒரு அம்மா)

திட்டாதீங்கம்மா. அலுப்பூட்டுகிற பாடம் ‘போரிங்’, அலுத்துப்போன பையன் ‘போர்டு’. ஊட்டுவதற்கு ‘இங்’, பட்டதற்கு ‘எட்’. இன்று ராத்திரி சாப்பிடும்போது தமிழில் இரண்டையும் சொல்லச் சொல்லிவிட்டு, அப்புறம் இங்கிலீஷில் கேளுங்கள்.