299 என்றே எழுதுங்கள்

கேள்வி: சென்ற மாதம் காலமான எங்கள் அப்பா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964இல் இராணுவத்தில் சேர்ந்து 21 ஆண்டுகள் பணியாற்றினார். அவர் முகாம்களில் இருந்த காலத்தில் அம்மாதான் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போய் எங்கள் நால்வரையும் வளர்த்தார். ஓய்வுக்குப் பின் அப்பா ஈப்போவுக்குச் சென்று போலிங் பழகி, மாநில வெற்றியாளரானார். நினைவு மலருக்கு அண்ணன் எழுதிய குறிப்பு, ‘அவசரகாலத்தில் போரிட்டவர், போலிங்கில் 300 எடுத்த சிறந்த பந்துவீச்சாளர்’ என்பதுடன் முடிகிறது. அப்பா கைப்பட எழுதிய நோட்டிலோ பதினொரு பெருக்கல் குறிகளும், இரண்டு முறை வட்டமிட்ட ஒரு 9உம், கீழே 299உம் உள்ளன. ஒரு புள்ளிதானே என்கிறார் அண்ணன். எதை எழுதுவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நோட்டில் உள்ளபடியே எழுதுங்கள், சகோதரி. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் போலிங்கில், முதல் உருட்டலிலேயே பத்துக் கட்டைகளும் விழுந்தால் அது ஸ்டிரைக்; நோட்டில் உள்ள பெருக்கல் குறி அதைத்தான் காட்டுகிறது. அடுத்த இரண்டு உருட்டல்களில் விழுபவையும் அதன் கணக்கில் சேரும். ஓர் ஆட்டத்தில் தொடர்ந்து பன்னிரண்டு ஸ்டிரைக் விழுந்தால்தான் 300. பதினொரு முறை பத்தும் சாய்ந்து, கடைசி உருட்டலில், அறுபது அடிக்கு அப்பால், ஒரே ஒரு கட்டை நின்றுவிட்டால் மட்டுமே 299 வரும். வேறு எந்த வழியிலும் அந்த எண் வராது. நின்ற கட்டையை மறைக்காமல் வட்டமிட்டு வைத்தவருக்கு, அவர் கேட்காத ஒரு புள்ளியை நாம் எதற்குச் சேர்க்க வேண்டும்? ‘பந்துவீச்சாளர்’ என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். படிப்பவர்கள் கிரிக்கெட் என்றே நினைப்பார்கள்.

அவசரகாலம் பற்றிய வரியும் தவறு. 1948 ஜூன் 16ஆம் நாள் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம், 1960 ஜூலை 31இல் முடிந்துவிட்டது. சுங்கை சிப்புட்காரர்களுக்கு இராணுவம் என்றாலே அந்தக் காலம்தான் நினைவுக்கு வரும் என்பதால் அண்ணனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1964இல் சேர்ந்தவர் கண்டது மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா மோதிய காலமாக இருக்கலாம். அது 1966 வரை நீடித்தது. 1968இல் மீண்டும் தொடங்கிய கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் 1989இல்தான் ஓய்ந்தது என்பதால், காட்டுக்குள் அவர்களை எதிர்த்தும் அவர் நின்றிருக்கக்கூடும். அவருடைய பணிப் புத்தகத்தைப் பார்த்து, எந்த ஆண்டில் எந்த முகாம் என்று எழுதினாலே போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அண்ணனின் குறிப்பில் உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த 21 ஆண்டுகளை எழுதும் பத்தியிலேயே அவருடைய பால் வாளிக்கும் இடம் கொடுங்கள். நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, சீருடைப் படத்துக்குப் பக்கத்தில் அச்சிடச் சொல்லுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன், வட்டமிட்ட அந்த 9ஐ அண்ணனிடம் ஒருமுறை காட்டுங்கள்.