லேப்டாப் பேட்டரியில் ஐபிஎல் பார்த்தால் டிவி லைசென்ஸ் வேண்டாமா?

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து படிக்க வந்து, லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டில் மொத்தம் 5 பேர். ஒவ்வொருவரும் ஏஜென்டோடு தனித்தனியாக அக்ரிமென்ட் போட்டிருக்கிறோம். டிவி லைசென்ஸ் வாங்கவில்லை, விசாரணை நடக்கும் என்று 'லீகல் ஆக்குபையர்' (அந்த முகவரியில் வசிப்பவர்) பெயருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எங்களிடம் டிவியே கிடையாது. நான் லேப்டாப்பில் சீரியல் பார்ப்பேன், சீசன் வந்தால் ஐபிஎல்லை நேரலையாகப் பார்ப்பேன். சார்ஜர் மாட்டாமல் பேட்டரியில் பார்த்தால் லைசென்ஸ் தேவையில்லை என்கிறான் நண்பன். ஹாரோவில் இருக்கும் சித்தப்பா வீட்டில் லைசென்ஸ் உண்டு. ஏஜென்ட், ஆளுக்கு மாதம் 10 பவுண்டு கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். நான் லைசென்ஸ் வாங்க வேண்டுமா? இதனால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: ஐபிஎல்லை நேரலையாகப் பார்க்கிறீர்கள் என்றால் வாங்க வேண்டும். பேட்டரி கதை உங்களுக்குப் பொருந்தாது. ஏஜென்டிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்தக் கடிதத்தால் உங்கள் விசாவுக்கு ஒன்றும் ஆகாது.

முதலில் டிவியே இல்லை என்ற நிம்மதியை விட்டுவிடுங்கள். பெயர்தான் டிவி லைசென்ஸ், பிரிட்டிஷ் ஒளிபரப்பு நிறுவனமான பிபிசிக்காக வருடாவருடம் கட்டும் கட்டணம் அது. சட்டம் கேட்பது நீங்கள் எந்தப் பெட்டியில் பார்க்கிறீர்கள் என்பதை அல்ல, எதைப் பார்க்கிறீர்கள் என்பதை. ஒரு சேனலில் நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசென்ஸ் வேண்டும். லேப்டாப்பாக இருந்தாலும் கைபேசியாக இருந்தாலும் ஒன்றுதான். சேனல் பிபிசியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னையிலிருந்து வரும் தமிழ் சேனலை இங்கே உட்கார்ந்து நேரலையில் பார்த்தாலும் இதே விதிதான். பிபிசிக்குப் போகும் பணத்தை, பிபிசியையே பார்க்காதவர் ஏன் கட்ட வேண்டும் என்று நம் ஆட்கள் கோபமாகக் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இதோடு பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயரில் எந்த பிபிசி நிகழ்ச்சியைப் பார்த்தாலும், போன வாரத்து நிகழ்ச்சியாகவே இருந்தாலும், 2016 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸ் கட்டாயம்.

நேற்றைய சீரியலை இன்று யூடியூபில் பார்ப்பதற்கும், நெட்ஃபிளிக்ஸில் எப்போதும் இருக்கும் படங்களுக்கும், பிபிசி வானொலி கேட்பதற்கும் லைசென்ஸ் வேண்டாம். உங்கள் சீரியல் பிரச்சினையே இல்லை. உங்களை மாட்டிவிடுவது ஐபிஎல்தான். ஒரே ஒரு ஆட்டத்தை நேரலையில் பார்த்தாலும் கணக்கில் சேரும்.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொல்வது முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. அதனால்தான் இத்தனை மாணவர்கள் அதை நம்புகிறார்கள். அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஒரு வீட்டுக்கு லைசென்ஸ் இருந்தால், அந்த வீட்டில் வசிப்பவர் வெளியே போகும்போதும், தன் சொந்த பேட்டரியில் மட்டும் ஓடும் கருவியில் பார்க்கலாம். இந்த விதியைத்தான் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் வைத்திருக்கிறார்கள். ஹாரோவில் பெற்றோரோடு வளர்ந்து, லெஸ்டரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு அவன் திரும்பும் வீட்டுக்கு லைசென்ஸ் இருக்கிறது. அவன் ஹாஸ்டல் அறையில் லேப்டாப்பை மின்சாரத்தில் மாட்டாமல், ஆன்டெனாவிலும் இணைக்காமல் பார்த்தால் அப்பா அம்மாவின் லைசென்ஸே அவனுக்கும் போதும். சார்ஜரை மாட்டியபடி பார்த்தால் அந்த நொடியே விலக்கு போய்விடும். சார்ஜ் ஏற்றிவிட்டு, கழற்றிவிட்டு, அப்புறம் பார்க்கலாம். கடைசி ஓவரில் பேட்டரி 5 சதவீதத்துக்கு இறங்கியதும் கை தானாகச் சார்ஜருக்குப் போகும், அங்கேதான் தவறு நடக்கிறது. ஹாஸ்டல் அறைச் சுவரில் மாட்டிய டிவிக்கு இந்த விலக்கு எந்த வகையிலும் கிடையாது, அதற்குள் பேட்டரி இல்லை.

உங்கள் வீடு திருநெல்வேலியில் இருக்கிறது. அங்கே பிரிட்டிஷ் டிவி லைசென்ஸ் இருக்க வழியில்லை. எனவே பேட்டரி நூறு சதவீதம் இருந்தாலும் பயனில்லை. சித்தப்பா வீட்டைக் காட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். விடுமுறை முழுக்க உண்மையாகவே அங்கேதான் வசிக்கிறீர்கள், உங்கள் இங்கிலாந்து வீடு அதுதான் என்றால் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதை வைத்து அது உங்கள் வீடு ஆகாது. இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'பேட்டரியில்தான் பார்க்கிறேன்' என்று வாசலில் வந்த அதிகாரியிடம் சொல்லும் மாணவர், நேரலை பார்ப்பதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். தற்காப்பு என்று நினைத்துச் சொன்னது வாக்குமூலமாகிவிடுகிறது.

இனி ஏஜென்ட். கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு 10 பவுண்டு, 5 பேர், 12 மாதம் என்றால் 600 பவுண்டு. 2025 ஏப்ரல் 1 அன்று ஒரு வருட லைசென்ஸின் விலை 174.50 பவுண்டாக இருந்தது. மீதி எங்கே போகிறது? அதைவிட மோசமான விஷயம், அவர் உண்மையிலேயே ஒரு லைசென்ஸ் வாங்கினாலும் அது உங்கள் அறைக்குச் செல்லுபடியாகாமல் போகலாம். எல்லோரும் சேர்ந்து ஒரே அக்ரிமென்டில் கையெழுத்திட்டிருந்தால் வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும். உங்களைப் போல அறைக்கு ஒரு அக்ரிமென்ட் என்றால், அவரவர் அறையில் நேரலை பார்ப்பவர் அவரவர் லைசென்ஸ் வாங்க வேண்டும். நேரலையே பார்க்காத அறைத்தோழர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அவரிடமும் சேர்த்துத்தான் 10 பவுண்டு வசூலிக்கிறார்கள்!

இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி, டிவி லைசென்ஸுக்கான பணத்தை ஏஜென்டோ வீட்டுக்காரரோ கேட்கலாம்தான். ஆனால் அது அக்ரிமென்டில் எழுதியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னது செல்லாது. உங்கள் அக்ரிமென்டை எடுத்துப் பாருங்கள். அதில் இல்லை என்றால் கொடுக்காதீர்கள். இருந்தால், எந்த முகவரிக்கு, எந்த அறைக்கு, யார் பெயரில் லைசென்ஸ் எடுத்தார் என்பதை எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். நேர்மையான ஏஜென்ட் அன்றே அனுப்பிவிடுவார்.

ஏஜென்டைவிட எனக்கு ஆத்திரம் தருபவர்கள் பாக்ஸ் விற்பவர்கள். ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்து, எல்லாத் தமிழ் சேனலும் வரும், கிரிக்கெட்டும் வரும், வருடத்துக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும், லைசென்ஸும் இதிலேயே அடக்கம் என்பார்கள். அடக்கம் கிடையாது. டிவி லைசென்ஸைத் தனியார் யாரும் தங்கள் சரக்கோடு சேர்த்து விற்க முடியாது. அந்தப் பெட்டி வழியே நேரலை பார்த்தாலும் உங்களுக்கு லைசென்ஸ் வேண்டும். அதோடு, உரிமை வாங்காத சேனல்களை அதில் ஓட்டுகிறார்கள் என்றால் அது இன்னொரு குற்றம். முறையாகப் பணம் கட்டும் செயலிகள் இருக்கும்போது இந்தப் பெட்டி எதற்கு?

அடுத்தது மின்னஞ்சல். 'உங்கள் டிவி லைசென்ஸ் கட்டணம் நின்றுவிட்டது, உடனே இங்கே அழுத்துங்கள்' என்று வருவதில் பல மோசடி. புதிதாக வந்தவர்கள், அரசாங்கத்துக்குப் பயந்து, அட்டை எண்ணையும் வங்கி விவரத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். சில நாள் கழித்து 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று ஒருவர் அழைத்து மீதியையும் எடுத்துக்கொள்வார். நீங்கள் இன்னும் லைசென்ஸே வாங்கவில்லை, உங்கள் கட்டணம் எப்படி நிற்கும்? மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தாமல், டிவி லைசென்ஸிங் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். இந்த ஒரு பழக்கம் போதும்.

உங்களுக்கு வந்திருக்கும் கடிதம் பெரும்பாலும் உண்மையானதுதான். லைசென்ஸ் பதிவாகாத முகவரிகளுக்கெல்லாம் அது தானாகப் போகிறது. குற்றம் நடந்தது என்று எந்த ஆதாரமும் அதற்குப் பின்னால் இல்லை. சிவப்பு எழுத்து, விசாரணை, நீதிமன்றம் என்று மிரட்டும் தொனியில் அதை எழுதுவது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஒரு பாவமும் செய்யாமல், இரவில் வேலை முடிந்து வந்து யூடியூபில் பாட்டு கேட்டுவிட்டுத் தூங்கும் மாணவனும் இந்தக் கடிதத்தைப் பார்த்து நடுங்குகிறான்.

இந்த லைசென்ஸ் ஏற்பாட்டின் வயதே இத்தனை குழப்பத்துக்கும் காரணம். 1922இல் வானொலிக்கு 10 ஷில்லிங் என்று தொடங்கினார்கள். 1946இல் டிவிக்கு 2 பவுண்டு ஆனது. 1968இல் வண்ண டிவிக்குத் தனியாகக் கூட்டினார்கள். கறுப்பு வெள்ளை டிவிக்கான லைசென்ஸ் இன்றும் தனியாகக் கிடைக்கிறது என்றால் நம்புவீர்களா? நம் ஊரில் அஞ்சலகத்தில் ரேடியோ லைசென்ஸ் கட்டிய காலம் உங்கள் தாத்தாவுக்கு நினைவிருக்கும். இந்தியாவில் அதை 1980களிலேயே எடுத்துவிட்டார்கள். இங்கே வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்த நாளின் விதியை, அறைக்கு மூன்று திரை இருக்கும் நாளிலும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். பிபிசி எப்படி இயங்க வேண்டும் என்று வகுக்கும் இப்போதைய அரச சாசனம் 2027 கடைசியில் முடிகிறது. அதற்குப் பிறகாவது எளிய மனிதருக்குப் புரிகிற ஒரு முறை வர வேண்டும்.

சரி, வாசலில் ஆள் வந்தால்? வருபவர் போலீஸ் அல்ல. நீதிமன்ற வாரன்ட் இல்லாமல் உள்ளே வர அவருக்கு அதிகாரம் இல்லை. அடையாள அட்டையைக் கேளுங்கள், வேண்டாம் என்றால் மரியாதையாகக் கதவைச் சாத்துங்கள். ஆனால் பொய் சொல்லாதீர்கள், புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விசா பற்றிய பயத்துக்கு வருகிறேன். டிவி லைசென்ஸ் கடிதம் அனுப்புபவர்களுக்கும், விசா கொடுக்கும் உள்துறை அலுவலகத்துக்கும் இதில் தொடர்பில்லை. லைசென்ஸ் இல்லாமல் பார்த்தது நிரூபணமானால் அதிகபட்சம் 1,000 பவுண்டு வரை அபராதமும், நீதிமன்றச் செலவும் வரும். இந்தக் குற்றத்துக்குச் சிறை கிடையாது. விதித்த அபராதத்தைக் கட்டாமல் விட்டால்தான் அந்தப் பேச்சே வரும். இருந்தாலும் இது குற்றவியல் வழக்குதான். பிற்பாடு ஏதாவது விண்ணப்பத்தில் தண்டனை பெற்றதுண்டா என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நிலைக்குப் போய்விட்டால், குடிவரவு ஆலோசனைக்கு முறையாகப் பதிவு பெற்றவரிடம் மட்டும் பேசுங்கள். கடைத்தெருவில் 'கேஸை நான் முடித்துத் தருகிறேன்' என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பதே இங்கே குற்றம்.

உண்மையில் பயப்பட வேண்டிய உறை ஒன்று இருக்கிறது. உங்கள் சொந்தப் பெயர் போட்டு, சிங்கிள் ஜஸ்டிஸ் புரொசீஜர் நோட்டீஸ் என்று வருவது. அதற்கு 21 நாளுக்குள் பதில் போட வேண்டும். போடாவிட்டால் ஒரே ஒரு மாஜிஸ்திரேட், நீங்கள் இல்லாமலேயே, தாள்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுவார். மாணவர்கள் அடிக்கடி அறை மாறுகிறார்கள், கடிதம் பழைய முகவரியில் குவிந்து கிடக்கும். அபராதம் வசூலிக்க ஆள் வரும்போதுதான் பலருக்கு வழக்கே தெரிகிறது. இப்படித் தண்டனை பெறுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பகலில் வீட்டில் இருப்பவர்தானே கதவைத் திறக்கிறார்! இது மாற வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள், மாறவில்லை. உங்களுக்குத் தெரியாமல் தீர்ப்பாகிவிட்டால், தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் உறுதிமொழி கொடுத்து வழக்கைத் திரும்பத் திறக்கலாம். பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையத்திலோ சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பிலோ இலவசமாக உதவுவார்கள்.

நீங்கள் இந்த வாரம் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். ஐபிஎல்லை நேரலையில் பார்க்கத்தான் வேண்டும் என்றால், அறை எண்ணோடு உங்கள் முகவரியைப் போட்டு அதிகாரபூர்வ தளத்திலேயே வாங்குங்கள். விலை ஏப்ரலில் ஏறுவது வழக்கம், கட்டும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் டைரக்ட் டெபிட்டில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறையில்) கட்டினால், முதல் லைசென்ஸின் முழுத் தொகையையும் 6 மாதத்தில் பிடித்துவிடுவார்கள், அதாவது மாதம் விலையில் ஆறில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு பாதியாகும். இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை, வங்கிக் கணக்கைப் பார்த்துத் திகைக்கிறார்கள். நேரலை வேண்டாம், மறுநாள் ஹைலைட்ஸ் போதும் என்றால், லைசென்ஸ் தேவையில்லை என்று அதே தளத்தில் அறிவித்துவிடுங்கள். இலவசம்தான், கடிதங்கள் சில காலம் நிற்கும். அறிவித்த பிறகு நேரலையைத் தொடக்கூடாது.

வாங்கினால் இன்னொன்றும் உண்டு. படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, லைசென்ஸில் முழுதாக ஒரு மாதமாவது மீதி இருந்தால் பயன்படுத்தாத மாதங்களுக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். இங்கிலாந்து வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்னால் விண்ணப்பியுங்கள், மூடிவிட்டால் பணம் வந்து சேருவது பெரும்பாடு.