பழைய செட்டிநாட்டு வீட்டை அலுவலகமாக்கும்போது கண்ணாடித் தடுப்பு எப்படி அமைப்பது?

காரைக்குடியில் வாடகைக்கு எடுத்த பழைய வீட்டின் கூடத்தில் இரண்டு அறைகள் தடுக்க வழி கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடியைப் பிறகு பார்க்கலாம். முதலில் தரையைப் பாருங்கள். கண்ணாடிக் கதவுக்கு வழக்கமாகப் போடும் ஃப்ளோர் ஸ்பிரிங்கை (கதவைத் தானாக மூடவைக்கும் கருவி) தரையைத் தோண்டித்தான் புதைப்பார்கள். இந்த வீடுகளின் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லை வெட்டிவிட்டால் அதே பழைய நிறத்தில் மாற்றுக் கல் கிடைப்பது அரிது. (அந்தக் கல்லும் கண்ணாடித் தட்டின் மேல் வார்க்கப்படுவதுதான், பளபளப்பு அங்கிருந்தே வருகிறது.) அலுமினியச் சட்டமும் அதில் கீல் வைத்த கதவுமே உங்களுக்குப் போதும்.

சுண்ணாம்புப் பூச்சில் மட்டும் திருகாணி நிற்காது, உள்ளே செங்கல் வரை இறங்க வேண்டும். தேக்குத் தூணில் துளையிட யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

டஃபன்டு கண்ணாடியை, அதாவது சூடாக்கி வேகமாகக் குளிரவைத்து உறுதியாக்கும் கண்ணாடியை, பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, நொறுங்கிவிடும். பழைய சுவர் நேர்க்குத்தாக இருக்கும் என்று நம்பாமல் மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும் அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள். 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை இருக்கும், தூக்க ஆள் வேண்டும். பேச்சு வெளியே கேட்கக் கூடாத அறைக்கு லேமினேட்டட் கண்ணாடி (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) நல்லது. ஆனால் தடுப்புக்கு மேலே கூரை வரை இடைவெளி விட்டால் அந்தச் செலவு வீண். யாரும் மோதிக்கொள்ளாதபடி கண் மட்டத்தில் மங்கலான ஸ்டிக்கர் பட்டை ஒட்டச் சொல்லுங்கள்.