யாரைத் திட்டுவது? (கடிதம்)

அன்புள்ள சார்,

வணக்கம். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவன், பீன்யாவில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். உங்கள் தளத்தைப் பல வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இப்போதுதான். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்ரீராமபுரத்தில் என் மச்சினனோடு இருக்கும் மாமியார் போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஒரு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு, எக்ஸ்ரேவுக்கு முன்னால் விடக் காசு. எல்லாம் கொடுத்து உள்ளே போனால் ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு, "இது ஏபிஎல் ஆகிவிட்டது, பேக்கேஜில் 30 சதவீதம்தான் கவர்மென்ட் தரும், மீதியை நீங்கள் கட்டுங்கள்" என்கிறார்கள். மாமனார் காலத்திலிருந்து பிபிஎல் கார்டு, அதாவது வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கானது. ஏபிஎல் என்றால் கோட்டுக்கு மேலே. விசாரித்தால், மச்சினன் சரக்கு ஆட்டோ வாங்க லோன் போட்டபோது வங்கியில் கேட்டார்கள் என்று ஐ.டி. ரிட்டர்ன் போட்டிருக்கிறான். வரி ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. கார்டு போய்விட்டது. எம்.எல்.ஏ. லெட்டர் இருந்தால் ஏதாவது செய்யலாம் என்றார் ஒருவர். அந்த ஆபீஸில் போய்க் காத்துக்கிடந்து வாங்கிக் கொடுத்தோம், பிரயோஜனம் இல்லை. வளையலை அடகு வைத்து ஆபரேஷன் முடிந்தது.

எனக்குச் சம்பளம் கைக்கு வரும் முன்பே வரி பிடித்துவிடுகிறார்கள், அதன்மேல் செஸ் வேறு. எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டிக்காரன் நாளெல்லாம் யுபிஐயில் வாங்கிப் போடுகிறான், அவனுக்கு வரி இல்லை. இலவச பஸ், மாதம் 2000 ரூபாய் என்று யார் யாருக்கோ கொடுக்கிறார்கள். தமிழன் என்பதால்தான் அலையவிட்டார்களோ என்றும் தோன்றுகிறது, தமிழ்நாட்டில் இருந்திருந்தால் இப்படி நடக்காது. எல்லாத் தலைவர்களும் திருடர்கள் சார். அடுத்த தேர்தலில் என் ஓட்டு நோட்டாவுக்குத்தான். உங்களைப் போன்ற எழுத்தாளர்கள் ஏன் இதையெல்லாம் எழுதுவதில்லை?

கே., பெங்களூர்

அன்புள்ள கே.,

ஆபரேஷன் முடிந்தது என்று படித்ததும் பாதி நிம்மதி. டாக்டர் சொன்னதும் எழுப்பி நடக்க வையுங்கள், வலிக்கிறது பாவம் என்று படுக்கையிலேயே விட்டுவிடாதீர்கள். வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவைவிட அதற்கப்புறம் படுத்தே கிடப்பதுதான் ஆபத்து.

எல்லாத் தலைவர்களும் திருடர்கள் என்று நானும் எழுதலாம், நன்றாகவே ஓடும், நாலு பேர் ஷேர் செய்வார்கள். ஆனால் உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வளையல் அடகுக்குப் போனது எதனால்? கார்டு மாறியதால். அந்தக் கார்டை மாற்றியது எந்தத் தலைவர்? யாருமில்லை. ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ரேஷன் கார்டுப் பட்டியலையும் ரிட்டர்ன் போட்டவர்கள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், உங்கள் மச்சினன் பெயர் இரண்டிலும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு கடிதம் வரவில்லை, ஒரு எஸ்.எம்.எஸ். வரவில்லை. மாமியார் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போதுதான் தெரிகிறது.

இந்த விதியைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள், நீங்கள் கணக்குப் பார்ப்பவர், ரசிப்பீர்கள். கர்நாடகத்தில் பிபிஎல் கார்டுக்குக் குடும்ப வருமான வரம்பு வருடம் 1.20 லட்சம், அதாவது மாதம் 10,000 ரூபாய். இந்த ஊரில் அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்குக்கூட அதற்கு மேல்தான் சம்பளம். இன்னொரு பக்கம், 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் ஒருவருக்கு வருடம் 12 லட்சம் வரை வருமான வரியே இல்லை. 1.20 லட்சத்தைத் தாண்டினால் நீ ஏழை இல்லை என்கிறது மாநில அரசு, 12 லட்சம் வரைக்கும் உன்னிடம் வாங்க ஒன்றுமில்லை என்கிறது மத்திய அரசு. இரண்டுக்கும் நடுவில் பத்து மடங்கு இடைவெளி, அந்த இடைவெளியில்தான் பெங்களூரில் முக்கால்வாசிப் பேர் குடியிருக்கிறோம். உங்கள் மச்சினனும் அங்கேதான் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் செய்த ஒரே காரியம் வங்கி சொன்னபடி ஒழுங்காகக் கணக்குக் காட்டியது. கந்துவட்டிக்கு வாங்கியிருந்தால் கார்டு பத்திரமாக இருந்திருக்கும்!

2024 நவம்பரில் இந்த விவகாரம் பெரிதாக வெடித்தது, ஞாபகம் இருக்கலாம். ஏகப்பட்ட பிபிஎல் கார்டுகளை ஏபிஎல் ஆக்கினார்கள், ஊர் ஊராகச் சத்தம் கிளம்பியது, கடைசியில் அரசு ஊழியர்களையும் வருமான வரி கட்டுபவர்களையும் தவிர மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று அரசே சொன்னது. "வரி கட்டுபவர்" என்பதைக் கவனியுங்கள். உங்கள் மச்சினன் ரிட்டர்ன் போட்டவர், வரி கட்டியவர் இல்லை. அவர் காட்டிய வருமானம் 1.20 லட்சத்துக்கு மேல்தான் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு அதிகாரி மடக்கலாம், ஜெயிப்பது நிச்சயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேச இடம் இருக்கிறது.

சரி, பேச யாரிடம் போவது? அதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். முன்பெல்லாம் இப்படி ஒன்று என்றால் தெருவில் நாலு பேர் சேர்ந்து கார்ப்பரேட்டர், அதாவது வார்டு கவுன்சிலர், வீட்டு வாசலில் போய் நிற்போம். அவர் யோக்கியரா இல்லையா என்பது வேறு, எந்த ஆபீஸில் எந்த டேபிளுக்குப் போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும், சாயங்காலம் அதே டீக்கடைக்கு வந்தாக வேண்டும். பெங்களூர் மாநகராட்சிக்கு 2015 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது, 198 வார்டு, 198 கார்ப்பரேட்டர்கள். 2020 செப்டம்பரில் அவர்கள் காலம் முடிந்தது. அப்புறம் ஐந்து வருடத்துக்கு மேல் கார்ப்பரேட்டர் என்று ஒருவர்கூட இல்லாமல் இவ்வளவு பெரிய ஊரை அதிகாரிகளை வைத்தே ஓட்டினார்கள். பா.ஜ.க. ஆட்சியில் வார்டை 243 ஆக்குகிறோம் என்றார்கள், காங்கிரஸ் வந்து 225 என்றது, அப்புறம் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்து 2025 செப்டம்பரில் அதையும் அமல்படுத்தினார்கள். ஒவ்வொரு தடவை எல்லையை மாற்றும்போதும் தேர்தல் தள்ளிப்போனது. இதில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடே கிடையாது, ஏனென்றால் கார்ப்பரேட்டர் இல்லாவிட்டால் ஊரில் உள்ள 28 எம்.எல்.ஏ.க்கள்தான் ராஜா. 198 வாசலில் பிரிந்து நின்ற கூட்டம் 28 வாசலில் வந்து நின்றால் நீங்கள் எவ்வளவு நேரம் காத்துக்கிடந்திருப்பீர்கள் என்று சொல்லவே வேண்டாம். அந்த லெட்டரால் பிரயோஜனம் இல்லாமல் போனதும் ஆச்சரியமில்லை, எம்.எல்.ஏ. லெட்டர் வரிசையில் முன்னால் விடும், கம்ப்யூட்டரில் இருக்கும் கார்டின் நிறத்தை மாற்றாது.

மருத்துவமனையைப் பற்றி. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஒரு அரசு மருத்துவமனையில் ஒரு ராத்திரி முழுக்க நின்றிருக்கிறேன். ஓ.பி. சீட்டு எழுதும் ஜன்னலில் கண்ணாடி, கண்ணாடியில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டை நிற்பவர் வாய்க்கும் நேராக இல்லை, உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் நேராக இல்லை. எல்லோரும் குனிந்து, கழுத்தைத் திருப்பி, பெயரைக் கத்த வேண்டும். உள்ளே மேற்படிப்புப் படிக்கும் ஒரு பி.ஜி. டாக்டர், இருபத்தைந்து இருபத்தாறு வயசுப் பெண், உட்கார இடமில்லாமல் அடுத்த கட்டிலின் கம்பியில் கேஸ் ஷீட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார், எழுதிக்கொண்டே பெரியவருடைய காலை அமுக்கிப் பார்த்தார், எங்கே அமுக்கினாலும் அவர் கத்தினார். வார்டு பாய் காசு கேட்டார். கொடுத்தேன். அவர் காண்ட்ராக்ட் ஆள், சம்பளம் சரியாக வருவதில்லை என்று அவரே சொன்னார், அது உண்மையா காசு வாங்குவதற்கான பேச்சா தெரியாது. அந்த ராத்திரியில் அத்தனை பேருக்கும் நடுவில் வேலை பார்த்த ஒரே ஆள் அந்தப் பெண்தான், அத்தனை பேரும் திட்டியதும் அவரைத்தான். தலைவர்களைத் திட்டுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம், கைக்கு எட்டுவது பி.ஜி. டாக்டர்தான்.

தமிழன் என்பதால் அலையவிட்டார்களா? இல்லை என்று நினைக்கிறேன். அன்று எனக்கு முன்னால் நின்றவர் ராய்ச்சூரிலிருந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தவர், சுத்தமான கன்னடம், அவருக்கும் அதே "நாளே பன்னி"தான், நாளைக்கு வாங்க என்று. தமிழ்நாட்டு விஷயத்தில் மருந்தைப் பற்றி ஒப்புக்கொள்கிறேன், 1994ல் மருத்துவ சேவைக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கி மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள், அது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கேயும் முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருமான வரம்பு அதே 1.20 லட்சம்தான். உங்கள் மச்சினன் திருப்பத்தூரில் ஆட்டோ ஓட்டியிருந்தாலும் அந்தக் காப்பீட்டைக் கேட்டுப் போனால் இதே வரம்பில் இடறியிருப்பார்.

தள்ளுவண்டிக்காரர்மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கு இல்லை. உங்களுக்கு டி.டி.எஸ். பிடிக்கிறார்கள், சரி, அவர் சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். அதோடு, அவரை யாரும் சும்மா விட்டுவிடவுமில்லை. 2025 ஜூலையில் யுபிஐ கணக்கைப் பார்த்து வணிக வரித்துறை சின்னக் கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பியதே. சரக்கு விற்பவருக்கு வருடம் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம், அதைத் தாண்டினால் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அது கல்லாவில் விழும் மொத்தப் பணம், லாபம் இல்லை. பாலுக்கும் காய்கறிக்கும் ஜி.எஸ்.டி.யே கிடையாது, அதை விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போனது. ஒரே வாரத்தில் கடைக்குக் கடை "யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்" என்று அட்டை தொங்கியது, நீங்களும் சில்லறை இல்லாமல் திண்டாடியிருப்பீர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். எல்லாத் தலைவர்களும் திருடர்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. இந்தத் துறை, இந்த நோட்டீஸ், இந்தத் தேதி என்று கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு கடையடைப்பு அறிவித்தார்கள். முதல்வர் சித்தராமையா கூப்பிட்டுப் பேசினார், பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், இனி பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். கார்டு போனவர்களும் 2024ல் கிட்டத்தட்ட இப்படித்தான் பாதி ஜெயித்தார்கள்.

இலவச பஸ் பற்றி ஒரு வார்த்தை, உங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. அந்த மருத்துவமனையில் பெருக்கித் துடைக்கும் ஆயாக்களில் ஒருவர் ஹொஸக்கோட்டையிலிருந்து வருகிறார். 2023 ஜூனிலிருந்து அவருக்கு பஸ் காசு மிச்சம். அது என் வரிப்பணம் என்றால், போகட்டும்.

செஸ் விஷயத்தில் மட்டும் நீங்கள் கோபப்பட்டது போதாது. உங்கள் வரியின்மேல் 4 சதவீதம் பிடிக்கிறார்களே, அதன் பெயரே சுகாதார, கல்வி செஸ். 2018 பட்ஜெட்டில்தான் 3 சதவீதக் கல்வி செஸ்ஸை 4 ஆக்கி, சுகாதாரத்தையும் அதில் சேர்த்தார்கள். ஒரு லட்சம் வரி என்றால் 4000 ரூபாய். ஆனால் நம் அரசியல் சட்டப்படி மருத்துவமனை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, செஸ்ஸோ மாநிலங்களோடு பங்கு போடவேண்டிய கணக்கில் சேராது. வருமான வரியிலாவது நிதிக் குழு சொன்ன பங்கு மாநிலங்களுக்கு வரும், சுகாதாரம் என்று பெயர் வைத்துப் பிடித்த பணத்தை டில்லி தன் திட்டங்களுக்குத்தான் செலவு செய்யும். உங்கள் மாமியார் படுத்திருந்த வார்டை நடத்துகிற அரசு அந்தப் பணத்தில் எனக்குப் பங்கு உண்டு என்று கேட்க முடியாது. சம்பளப் பட்டியலைத் தினமும் பார்க்கும் நீங்கள் இதை ஆபீஸில் நாலு பேருக்குச் சொல்லுங்கள், தலைவர்களைத் திட்டுவதைவிட உபயோகம்.

நோட்டா 2013ல் வந்தது. அதற்கு எல்லோரையும்விட அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்து யார் அதிகம் வாங்கினாரோ அவர்தான் எம்.எல்.ஏ. உங்கள் இஷ்டம். வார்டுத் தேர்தலிலாவது வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரை நிறுத்தி வைத்து, கார்டு மாற்றினால் முன்கூட்டித் தகவல் கொடுக்க ஏற்பாடு செய்வாயா என்று கேளுங்கள். அது தன் வேலையே இல்லை என்பார், துறை வேறு என்பார். அப்போது எந்தத் துறை, எந்த ஆபீஸ், கூட வருவாயா என்று கேளுங்கள்.

இப்போதைக்கு மச்சினனுடைய ரிட்டர்ன் நகலில் வரி பூஜ்யம் என்று இருக்கும் பக்கம், பழைய கார்டு, மாமியாரின் டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் வைத்து உணவுத் துறை ஆபீஸில் எழுத்துமூலம் மனு கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கர்நாடகத்தில் 2012 முதல் சகாலா சட்டம் இருக்கிறது, அதன் பட்டியலில் உள்ள சேவைக்கு நாள் கணக்கு உண்டு, தாமதமானால் நாளைக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் நஷ்டஈடு. பணம் பெரிதில்லை, உங்கள் மனுவுக்கான சகாலா எண்ணைக் கேட்டாலே டேபிளுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். எண் கொடுக்க மறுத்தால், ஏன் இல்லை என்று மனுவிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். மாமியாருக்கு என் வணக்கம்.